கேம் பொத்தானுக்கு எதற்கு 15 ஆம்பியர்?

கேம் மெஷினில் பொத்தான் வேலை செய்யவில்லை என்று போன் வந்தால், "அமுக்கினா டிக்குனு சத்தம் வருதா?" என்றுதான் முதலில் கேட்பேன். "சத்தமெல்லாம் நல்லா வருது சார், ஆனா பொம்மை புடிக்கிற கை மட்டும் இறங்க மாட்டேங்குது" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. அவர்கள் அதற்குள் முழுப் பொத்தானையும் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பார்கள். பழைய பொத்தானைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் மூடி, ஸ்பிரிங், மரை எல்லாம் திடமாக இருக்கும். கெட்டுப்போயிருப்பது அடியில் மாட்டியிருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி, அதாவது மைக்ரோ சுவிட்ச் மட்டும்தான்.

மால்களில் இருக்கும் கேம் ஜோன்களுக்கு மெஷின் சர்வீஸ் செய்வது என் தொழில். இப்போதெல்லாம் வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்து வைத்திருப்பவர்களும், ஃபைட்டிங் கேமுக்கென்று தனியாக ஸ்டிக் வைத்திருக்கும் பையன்களும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: எந்த சுவிட்ச் வாங்குவது? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்சின் பக்கவாட்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் எழுதியது. நம் கேமுக்கு அதனால் பயன் இல்லை. சில இடங்களில் கெடுதலும் உண்டு. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

முதலில், சுவிட்ச்தான் காரணமா?

பக்கத்துப் பொத்தானை வைத்தே கண்டுபிடிக்கலாம். வேலை செய்யாத பொத்தானின் ஒயரைக் கழற்றி, வேலை செய்யும் பொத்தானில் மாட்டி அமுக்குங்கள். இப்போது கேம் அசைந்தால் பழைய சுவிட்ச் கெட்டுவிட்டது. அப்போதும் அசையவில்லை என்றால் ஒயரிலோ போர்டிலோ கோளாறு. சுவிட்ச் வாங்கிப் பயன் இல்லை. மெஷினுக்குள் டெஸ்ட் மோடு இருந்தால் அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஆன், ஆஃப் காட்டும். கம்ப்யூட்டரில் இணைத்த ஸ்டிக் என்றால் விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், பொத்தான்களுக்கான விளக்குகள் வரும்.

அப்புறம் மல்டிமீட்டர். இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு, காம், என்ஓ என்று எழுதியிருக்கும் இரண்டு கால்களில் மீட்டர் முனைகளை வைத்து, 200 ஓம் ரேஞ்சில் மெதுவாகப் பல முறை அமுக்குங்கள். நல்ல சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் ஒரு ஓமுக்குள் நிற்கும். கெட்டது ஒரு தடவை 3, அடுத்த தடவை 40, அதற்கடுத்து ஒன்றுமே இல்லை என்று ஆடும். டிக் சத்தம் மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் கேட்கும். சத்தம் வருவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு புரள்வதால். கரன்ட் போவது தகட்டு நுனியில் இருக்கும் கான்டாக்ட் புள்ளி வழியாக. ஒன்று நன்றாக இருப்பதை வைத்து இன்னொன்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சில எலக்ட்ரீஷியன்கள் 12 வோல்ட் பேட்டரியும் பல்பும் வைத்து சுவிட்சைச் சோதிப்பார்கள். பல்பு எரியும், சுவிட்ச் ஓகே என்று திரும்ப மாட்டிவிடுவார்கள், கேம் அப்போதும் ஓடாது. பல்புக்குப் போகும் கரன்ட் கான்டாக்ட் மேல் படிந்திருக்கும் மெல்லிய அழுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கேம் போர்டு அனுப்பும் கரன்டுக்கு அந்த வலு கிடையாது. மல்டிமீட்டர் ஓம் ரேஞ்சில் அனுப்புவதும் மிகச் சின்ன கரன்ட்தான், அதனால் அதன் தீர்ப்பு சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயம். பொத்தான் அமுங்கியபடியே நின்றால் சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். ஜூஸும் ரோஸ்மில்க்கும் காய்ந்து ஒட்டியிருக்கும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

அமெரிக்க வகை என்று நாங்கள் சொல்வது 28 மில்லிமீட்டர் துளையில் நிற்கும், பின்னால் நட்டு போட்டு முறுக்கும் பொத்தான். ஹாப் கம்பெனிப் பொத்தான், ஸ்பெயின் நாட்டு இண்டஸ்ட்ரியாஸ் லோரென்சோ பொத்தான் எல்லாம் இந்தச் சாதி. கேம் ஜோன்களில் இருக்கும் சீனத்து எல்இடி பொத்தான்களும் அளவு மாறினாலும் உள்ளே இதே ஏற்பாடுதான். இதில் மைக்ரோ சுவிட்ச் தனியாக வெளியே தெரியும். கையால் கழற்றலாம், வேறு மாட்டலாம். மாற்று சுவிட்ச் தேடுவதற்கு இதைவிட வசதியான பொத்தான் கிடையாது.

ஜப்பான் வகையில் 30 மில்லிமீட்டர், 24 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு. சான்வா கம்பெனியின் ஓபிஎஸ்எஃப்-30 இதில் எல்லாருக்கும் தெரிந்த மாடல். பக்கத்துக் காதுகளை அமுக்கி அப்படியே பலகையில் செருகுவது. சுவிட்ச் பொத்தானோடு சேர்ந்தே வரும். சான்வாவில் அந்த சுவிட்ச் பகுதியை எஸ்டபிள்யூ-68 என்ற பெயரில் தனியாக விற்கிறார்கள். ஆனால் நம் ஊருக்கு வரவழைக்கும் செலவையும் காத்திருப்பையும் பார்த்தால் முழுப் பொத்தானாக வாங்குவதே மேல். ஜப்பான் பொத்தானில் மட்டும் நான் சுவிட்ச் மாற்றச் சொல்வதில்லை. சத்தம் குறைவாக வேண்டும் என்றால் இதிலேயே ஓபிஎஸ்எஃப்எஸ் என்று அமைதி வகை இருக்கிறது, ராத்திரியில் ஆடுகிறவர்களுக்கு உதவும்.

மூன்றாவது, கீபோர்டு சுவிட்ச் போட்ட பொத்தான்கள். கேமர்ஃபிங்கர், கொரியாவின் கிரவுன் போன்றவர்கள் பொத்தானுக்குள் செர்ரி எம்எக்ஸ் சுவிட்சை வைத்துக் கொடுத்தார்கள். ஜாய்ஸ்டிக்கே இல்லாமல் எல்லாம் பொத்தானாக வரும் புதுக் கன்ட்ரோலர்களிலும் இந்த வகை அல்லது அதைவிடத் தட்டையான கெயில் சாக் வகை இருக்கிறது. இதற்கு மாற்று கண்டுபிடிப்பது சுலபம், மெக்கானிக்கல் கீபோர்டு ஆட்கள் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். எம்எக்ஸ் சிவப்பு என்றால் 45 சென்டிநியூட்டன், அதாவது ஏறக்குறைய 45 கிராம் விசை, 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும், மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஸ்பீடு சில்வர் என்பது 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். விரலை சும்மா பொத்தான் மேல் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஸ்பீடு சில்வர் ஆகாது, தானாக அடி விழுந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது மூன்று கால், ஐந்து கால் வித்தியாசம் பாருங்கள். ஐந்தில் இரண்டு வெறும் பிளாஸ்டிக் கால்கள்தான், போர்டில் அதற்குத் துளை இல்லை என்றால் நறுக்கிவிடலாம். எம்எக்ஸும் சாக்கும் ஒன்றுக்கு ஒன்று மாறாது.

1980களின் பழைய மெஷின்களில் லீஃப் சுவிட்ச் என்று இரண்டு நீளமான தகடுகள் ஒன்றையொன்று தொடும் ஏற்பாடு இருக்கும். அதை மாற்றத் தேவையே இல்லை. கான்டாக்ட் நடுவில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து, தகட்டை லேசாக அழுத்திப் பிடித்துக் காகிதத்தை இழுங்கள். கறுப்புக் கோடு வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு தகட்டைக் கொஞ்சம் வளைத்து இடைவெளியைச் சரி செய்தால் போதும். அரத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

இனி நான் பேசப்போவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. மாற்று சுவிட்ச் என்று கேட்டு வருகிறவர்களில் அநேகம் பேரிடம் இருப்பது அதுதான்.

அளவு

மைக்ரோ சுவிட்ச் மூன்று அளவில் வரும். கம்ப்யூட்டர் மவுஸுக்குள் இருப்பது கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் நீளம். 3டி பிரின்டரின் ஓரத்தில் இருப்பது 20 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது அதைவிடப் பெரியது: 27.8 மில்லிமீட்டர் நீளம், 15.9 உயரம், 10.3 தடிமன், குறுக்கு மூலையில் இரண்டு துளைகள். இதை வி டைப் என்பார்கள். ஓம்ரான், ஹனிவெல், செர்ரி, ஜிப்பி என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் உடம்பு இதே அளவு. இந்த ஒரு ஒற்றுமையால்தான் நமக்கு இவ்வளவு தேர்வு கிடைக்கிறது.

உடம்பு ஒன்றாக இருந்தாலும் தலையில் துருத்தி நிற்கும் பின்னின் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மயிரிழை மாறும். அரை மில்லிமீட்டர் உயரம் கூடினால் பொத்தான் எப்போதும் அமுங்கியே நிற்கும். குறைந்தால் முழுவதும் அமுக்கினாலும் டிக் வராது. பின்னுக்கு மேல் தகடு நீண்டிருக்கும் லீவர் வகை நமக்கு ஆகாது. பொத்தான் நேராகப் பின்னைத்தான் அமுக்குகிறது.

கால்கள் மூன்று: காம், என்ஓ, என்சி. அமுக்கும்போது சேர்வது என்ஓ, அமுக்கும்போது பிரிவது என்சி. நாம் மாட்ட வேண்டியது காம், என்ஓ இரண்டில். மாற்றி என்சியில் மாட்டினால் கேம் ஆன் ஆனதிலிருந்து யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். காலின் அகலத்தையும் பாருங்கள். அமெரிக்க வகை சுவிட்சில் 4.8 மில்லிமீட்டர், ஜப்பான் பொத்தானில் 2.8 மில்லிமீட்டர். ஒயர் நுனியில் போட்டுக் காலில் செருகும் உலோகத் துண்டுதான் லக். கார், பைக் எலக்ட்ரிக் கடையில் எளிதாகக் கிடைக்கும் லக் 6.3 மில்லிமீட்டர். அதைக் குறடால் நசுக்கி 4.8 காலில் மாட்டுவார்கள், ஒரு வாரம் நிற்கும். அப்புறம் பேனல் அதிர அதிரக் கழன்று, மறுபடியும் "பொத்தான் போச்சு" என்று போன் வரும். பொத்தான்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி போர்டோடு ஒயர் வாங்கும்போதும் 2.8, 4.8 என்று இரண்டு தேர்வு வரும், பார்த்து வாங்குங்கள்.

ஆம்பியர் கதை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கடைகளில் கிடைக்கும் வி டைப் சுவிட்சில் 15 ஆம்பியர் 250 வோல்ட், 16 ஆம்பியர், சிலவற்றில் 21 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். கேம் போர்டு அதன் வழியாக எவ்வளவு அனுப்புகிறது தெரியுமா? போர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைப்பு இருக்கும், பொத்தானை அமுக்கினால் அது கிரவுண்டுக்குப் போகும். ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால் 5 மில்லி ஆம்பியர். 10 கிலோ ஓம் என்றால் அரை மில்லி ஆம்பியர். 15 ஆம்பியருக்குச் செய்த சுவிட்சில் அதன் மூவாயிரத்தில் அல்லது முப்பதாயிரத்தில் ஒரு பங்கைத்தான் நாம் அனுப்புகிறோம்.

அதனால் என்ன, குறைவாகப் போனால் சுவிட்சுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பெரிய ஆம்பியர் சுவிட்சின் கான்டாக்ட் வெள்ளிக் கலவை. வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோல அதுவும் காற்றில் இருக்கும் கந்தகத்தால் கறுக்கும். மோட்டார், ஹீட்டர் ஓடும் இடத்தில் ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஒரு குட்டிப் பொறி பறந்து அந்தக் கறுப்பை எரித்துவிடும். 5 வோல்ட்டில், மில்லி ஆம்பியரில் பொறியும் கிடையாது, எரிப்பதும் கிடையாது. கறுப்பு அப்படியே தங்கும். நல்ல கம்பெனிகளின் டேட்டாஷீட்டில், அதாவது சுவிட்சின் விவரத் தாளில், அதிகபட்ச கரன்டோடு குறைந்தபட்ச கரன்டும் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கான்டாக்ட் கிடைப்பதற்கு அவர்கள் உத்தரவாதம் தர மாட்டார்கள். இந்தக் குறைந்தபட்ச எண்ணைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

பிறகு எப்படி உலகம் முழுக்க கேம் மெஷின்களில் 15 ஆம்பியர் சுவிட்ச் ஓடுகிறது? பொத்தானை நாள் முழுக்க யாராவது அமுக்கிக்கொண்டே இருப்பதால். ஒவ்வொரு அமுக்கலிலும் கான்டாக்ட் புள்ளிகள் லேசாக உரசிக்கொள்கின்றன. அந்த உரசலே துடைத்துவிடுகிறது. மாலில் சனி, ஞாயிறு கூட்டத்தில் அடி வாங்கும் பொம்மை மெஷின் பொத்தானில் இந்தக் கறுப்புப் பிரச்சினை எனக்கு வந்ததே இல்லை. அங்கே உடைவது ஸ்பிரிங் தகடு. பொம்மை நழுவியதும் குழந்தையைவிட அப்பாவுக்குக் கோபம் வந்து ஓங்கிக் குத்துவார், அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

கறுப்பது சும்மா கிடக்கும் மெஷினில். 2020 ஊரடங்கு முடிந்து கேம் ஜோன்களைத் திறந்தபோது இதை வரிசையாகப் பார்த்தேன். மாதக்கணக்கில் போர்வை போட்டு மூடியிருந்த மெஷின்கள், பொத்தான் எல்லாம் டிக் டிக் என்கிறது, ஒன்றும் பதிவாகவில்லை. ஈசிஆர் பக்கம் கடற்காற்று அடிக்கும் ரிசார்ட்களில் இன்னும் மோசம். வீட்டு ஆர்கேட் பெட்டியும் இந்தக் கணக்கில்தான் சேரும். வாங்கிய முதல் மாதம் ராத்திரி பகலாக ஆடுவார்கள், பிறகு மேலே துணி காயப் போடுவார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வேண்டியது தங்கப்பூச்சு கான்டாக்ட் உள்ள, 0.1 ஆம்பியர் என்று எழுதிய சுவிட்ச். மைக்ரோ லோடு என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். ஓம்ரானில் விஎக்ஸ்-01 அப்படி ஒன்று, உடம்பு அதே வி டைப் அளவு. அதன் அண்ணன் விஎக்ஸ்-5 பார்வைக்கு அச்சு அசல் அதேதான், ஆனால் 5 ஆம்பியருக்கு உள்ளது. நமக்கு வேண்டியது 01 போட்டது. சின்ன எண்ணாக இருக்கிறதே, சீக்கிரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். தங்கம் கறுக்காது, அரை மில்லி ஆம்பியரில்கூட ஒழுங்காகத் தொடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தத் தங்க சுவிட்சை மோட்டார், சோலினாய்டு (கரன்ட் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்), 12 வோல்ட் பல்பு நேராக ஓடும் இடத்தில் போடாதீர்கள். பூச்சு முதல் நாளே எரிந்துவிடும். சில பழைய மெஷின்களில், நகரும் பாகம் ஓரத்தைத் தொட்டதும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வழியாகவே மோட்டார் கரன்ட் போகும். அங்கே 15 ஆம்பியர்தான் சரி. ஒயரின் தடிமனைப் பார்த்தாலே சந்தேகம் வரும். வந்தால் வோல்ட் அளந்து பாருங்கள், 5க்கு மேல் காட்டினால் பழையது எந்த ஆம்பியரோ அதையே போடுங்கள்.

எவ்வளவு அழுத்தினால் டிக்?

அடுத்தது விசை. வெளியே ஒரே மாதிரி இருக்கும் வி டைப் சுவிட்சுகள் 25 கிராமிலிருந்து 400 கிராம் வரை பலவிதமாக வருகின்றன. டேட்டாஷீட்டில் ஆபரேட்டிங் ஃபோர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். நியூட்டனில் போட்டிருந்தால், 1 நியூட்டன் ஏறக்குறைய 102 கிராம். சென்டிநியூட்டனில் போட்டிருந்தால் கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் பெரிதில்லை.

கையில் இருக்கும் பழைய சுவிட்சின் விசையை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்து, சுவிட்சைத் தலைகீழாகப் பிடித்து, பின்னைத் தராசுத் தட்டில் வைத்து மெதுவாக அமுக்குங்கள். டிக் விழும் நொடியில் காட்டும் எண்தான் விசை. மூன்று நான்கு தடவை செய்து நடுவாந்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசு சுவிட்சை மட்டும்தான் அளக்கும். பொத்தானுக்குள் தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, விரல் அதையும் சேர்த்துத்தான் அமுக்குகிறது. அதற்குப் பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். பொத்தானின் மேல் ஒரு காகிதக் குழாயைச் சுருட்டி நிறுத்தி, நாணயங்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்குங்கள். பத்தாவதில் டிக் வந்தால் 77 கிராம், பதின்மூன்றாவதில் வந்தால் 100. இதிலிருந்து தராசில் வந்ததைக் கழித்தால் மிச்சம் பொத்தான் ஸ்பிரிங்கின் பங்கு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் பலருக்குப் புரிகிறது, 25 கிராம் சுவிட்ச் போட்டும் பொத்தான் ஏன் லேசாகவில்லை என்று. ஸ்பிரிங்கே 50 கிராம் கேட்டால் சுவிட்ச் மட்டும் என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மூடியைத் திரும்பத் தூக்கும் வேலையையும் சுவிட்சிடமே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 75 கிராம் சுவிட்சில் இது நன்றாக ஓடும், விரலுக்கு சுகமாகவும் இருக்கும். 25 கிராமில் செய்தால் மூடியின் எடையிலேயே சுவிட்ச் பாதி அமுங்கி நின்றுவிடும். வினாடி வினாப் போட்டியில் மேசை மேல் வைக்கும் 100 மில்லிமீட்டர் குடை பொத்தானுக்கு இதைச் செய்யவே கூடாது, அதன் மூடியே கனம்.

என் வழக்கம் இப்படி: பொது இடத்துக்கு 75 முதல் 100 கிராம். குழந்தைகள் சாய்ந்தால்கூட தானாக அமுங்காது, அடியும் தாங்கும். வீட்டில் ஃபைட்டிங் கேமுக்கு 50 கிராம். கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளும் கேம்களுக்கு 25 போடலாம், ஆனால் அந்தப் பேனலில் கை வைக்கவே பயமாக இருக்கும். ஆட்கள் "எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரலுக்கு ஒரு எதிர்ப்பு தெரிந்தால்தான் அடுத்த அடியை எப்போது அடிப்பது என்று கைக்குத் தெரியும்.

எங்கே, எப்படி வாங்குவது

ஹாப், லோரென்சோ பொத்தானில் தொடக்கத்தில் இருந்த அதே உணர்வு வேண்டும் என்றால் தேட வேண்டியது செர்ரி டி44எக்ஸ். செர்ரி கம்பெனியை 2008இல் ஜெர்மனியின் இசட்எஃப் வாங்கியது. 2016இல் கீபோர்டு பிரிவை மட்டும் விற்றுவிட்டு மைக்ரோ சுவிட்சைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் புதிதாக வரும் சுவிட்சில் இசட்எஃப் என்று இருந்தால் போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தைவானின் ஜிப்பியிலும் பல விசைகளில் கிடைக்கும், விலை குறைவு, நான் பொது மெஷின்களுக்கு அதிகம் போடுவது அதுதான்.

சென்னையில் இருக்கிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம். மைக்ரோ சுவிட்ச் என்று பொதுவாகக் கேட்டால் லீவர் வைத்த சின்ன அளவை எடுத்து நீட்டுவார்கள். "பெரிய சைஸ், லீவர் இல்லாம, பின் டைப், மூணு கால்" என்று கேளுங்கள். உடனே வரும் கேள்வி:

"ஓவனுக்காண்ணே?"

"இல்ல தம்பி, கேம் மெஷினுக்கு."

"இத எடுத்துக்கோங்கண்ணே, 16 ஆம்பியர், நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்."

மைக்ரோவேவ் ஓவன் கதவுக்குள் இருப்பதும் வி டைப்தான், துளைக்குத் துளை பொருந்தும். ஆனால் அதில் சிலவற்றுக்கு இரண்டு கால்தான் இருக்கும், அந்த இரண்டும் காம், என்சியாக இருந்தால் நமக்கு உதவாது. விசையும் கூடுதல். அவசரத்துக்கு மூன்று கால் உள்ளதைப் போட்டு அன்றைய கூட்டத்தைச் சமாளிக்கலாம், நிரந்தரமாக வேண்டாம்.

தங்கப்பூச்சு வகையைத் தெருக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். எலிமென்ட்14, மவுசர், டிஜிகீ போன்ற பாகங்கள் விற்கும் தளங்களில் ஃபில்டர் போட்டுத் தேடினால் கிடைக்கும். ஆக்சுவேட்டர் பின் பிளஞ்சர், கரன்ட் 0.1 ஆம்பியர், கால் 4.8 மில்லிமீட்டர் குவிக் கனெக்ட், விசை நமக்கு வேண்டியது என்று நான்கையும் போட்டால் ஆயிரக்கணக்கில் இருக்கும் பட்டியல் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். சாலிடர் கால் உள்ளதை விலையைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள், லக் மாட்ட முடியாது. பொதுச் சந்தைத் தளங்களில் பத்துப் பத்தாகக் கட்டி விற்கும் பெயரில்லாத சுவிட்சுகளில் தப்பில்லை, ஆனால் ஒரே பொட்டலத்திலேயே விசை மாறும். அதை வாங்கினால் தராசில் ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போகிறவற்றை ஒரே ஆளின் பக்கத்தில் போடுங்கள். ஆறு பொத்தானில் ஒன்று மட்டும் கனமாக இருந்தால் ஆடுகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

பெரிய அளவில் வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, உங்கள் பொத்தானில் மாட்டி, பின் உயரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது

மெஷினை அணைத்து பிளக்கை எடுங்கள். ஒயர்களை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லக்கை மூக்குக் குறடால் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுத்தால் லக் காலில் நிற்கும், ஒயர் கையில் வரும். எல்இடி பொத்தானில் சுவிட்சும் விளக்கும் ஒரே கறுப்புக் கூட்டில் இருக்கும், கால் பங்கு திருகினால் கழன்றுவிடும். திரும்ப மாட்டிய பிறகு விளக்கு எரியவில்லை என்றால் பதற வேண்டாம், எல்இடியைத் திருப்பிப் போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

ஹாப் வகையில் சுவிட்சின் இரண்டு துளைகள் பொத்தானின் இரண்டு முளைகளில் உட்காரும். ஒரு பக்கத்தை முதலில் மாட்டி, அடுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக விரித்து அமுக்குங்கள். அந்த முளை உடைந்தால் முழுப் பொத்தானும் போச்சு, அங்கே மட்டும் நிதானம் வேண்டும். காலில் நேராக சாலிடர் வைக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் இளகி கான்டாக்ட் சாய்ந்துவிடும்.

மாட்டி முடித்ததும் மூடியின் நடுவில் மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். நான்கு ஓரங்களிலும் அமுக்குங்கள், மெதுவாகப் பாதி வரை இறக்கி விடுங்கள், இரண்டு விரலால் படபடவென்று தட்டுங்கள். டெஸ்ட் மோடில் ஒரு அமுக்கலுக்கு ஒரு பதிவுதான் வர வேண்டும். இரண்டு வந்தால் கான்டாக்ட் துள்ளுகிறது. போர்டில் இந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும் டிபவுன்ஸ் செட்டிங் இருந்தால் சில மில்லி வினாடி கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் வேறு சுவிட்ச் போடுங்கள். எல்லாம் சரியானதும், பேனலை மூடுவதற்கு முன் உள்பக்கத்தில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, போட்ட சுவிட்சின் மாடல் எண், விசை, தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை பேனலைத் திறக்கப்போவது நீங்களாகவே இருந்தாலும் அது ஞாபகம் இருக்காது.